நேட்டால் கப்பல் பட்டியலும் நானும்

ஜூலை 4
"கிடைச்சாரா?" என்று அம்மா இன்றும் கேட்டாள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியிருப்பார் என்று நாங்கள் தேடும், ஊர் திரும்பாத எங்கள் குடும்பத்து முனுசாமியைத்தான் கேட்கிறாள். இன்னும் இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 5
வார்டு வராந்தாவில் உட்கார்ந்து இரவு மூன்று மணிவரை கப்பல் பட்டியலைப் பார்த்தேன். 1860 நவம்பர் 16-ல் மெட்ராசிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர். அதில் எத்தனை முனுசாமி! முனிசாமி, மூன்சாமி, எழுதியவர் காதில் விழுந்தபடியெல்லாம். ஆனால் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருந்த தழும்புவரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு எண் வேறு.

ஜூலை 6
காய்ச்சல் 102. எதையும் திறக்கவில்லை.

ஜூலை 8
கொஞ்சம் தேறியிருக்கிறாள். அவளுடைய ஆயா சொன்னதை மறுபடியும் சொல்லச் சொன்னேன். தாது வருஷப் பஞ்சத்தில் அண்ணன் முனுசாமியும் தம்பியுமாக மெட்ராசுக்கு நடந்தே போனார்கள், தம்பி மட்டும் திரும்பினார். தாது என்றால் 1876-77! ஒரு வாரமாக நான் 1860-களின் கப்பல்களைத் துழாவிக்கொண்டிருந்தேன். 1866-லிருந்து 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதே நின்றிருந்தது, அதனால் அதற்கு முந்தையது எதுவும் வேண்டாம், 1876-லிருந்து பார்த்தால் போதும். அப்புறம் அவள் சொன்னதுதான் மனசை விட்டுப் போகவில்லை. உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று பயந்து அவருக்குக் கடைசிவரை யாரும் தெவசம் கொடுக்கவில்லையாம். ஐந்து வருஷ ஒப்பந்தம், மேலும் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தால்தான் கப்பல் செலவில்லாமல் திரும்ப முடியும். பத்து வருஷம் கழித்துக்கூட வாசலைப் பார்த்திருப்பார்கள்.

ஜூலை 9
இதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தம்பி போனில் கேட்டான். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஜூலை 11
வட ஆற்காடு ஜில்லா. முனுசாமி, வயது 22, தகப்பன் சின்னத்தம்பி. வலது புருவத்தில் தழும்பு. ஊர்ப் பெயரின் முன்பாதியில் மை பரவியிருக்கிறது, பின்பாதி பாக்கம் என்று தெளிவாகத் தெரிகிறது. எங்கள் ஊரும் பாக்கம்தான், ஆனால் அந்த ஜில்லாவில் எத்தனை பாக்கம். தழும்பை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இருந்தாலும் கேட்க வேண்டும்.

ஜூலை 12
கேட்கவில்லை. நாள் முழுக்கத் தூங்கினாள்.

ஜூலை 13
அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டேன். இறப்புப் பதிவிலும் அந்த எண் இருந்தால் தேதி கிடைத்துவிடும், தேதி கிடைத்தால் திதி. காலையில் அம்மா கண் விழித்ததும் முதலில் புருவத்தைப் பற்றிக் கேட்கணும்.