கோலமாவும் வேக்குவமும்

தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது எங்க வீட்டு வேக்குவம், அதான் தூசி உறிஞ்சுற மெஷின், மூச்சடைச்சு நின்னுபோச்சு. தப்பு என்மேலதான். கோலமாவு டப்பா கைதவறி காரிடார் பூரா கொட்டிருச்சு, அம்மா வெளக்குமாத்த எடுக்க உள்ள போனாங்க, "இருங்கம்மா ரெண்டே நிமிஷம்"னு நான் வேக்குவத்த போட்டுட்டேன். மொதல்ல நல்லாதான் இழுத்துச்சு, அப்புறம் சத்தம் கீச்சுன்னு ஏறி இழுக்குறதே நின்னுருச்சு. தொறந்து பாத்தா ஃபில்டர் பூரா மாவு அப்பி, இட்லி ஊத்தி எடுத்த துணி மாதிரி இருக்கு.

கழுவி கம்பில கிளிப் மாட்டி தொங்கவிட்டேன். முழுசா காயாம போடக்கூடாதாம். சரி சும்மா இருக்குற நேரத்துல இந்த மெஷின் எங்கருந்துதான் வந்துச்சுன்னு படிக்க உக்காந்தேன், ராத்திரி 2 மணி ஆயிருச்சு.

படிச்சதுல எனக்கு பட்டது ஒண்ணு. ஃபேன் சுத்துனா காத்து இழுக்கும், அது யாருக்கும் வரும். இழுத்த காத்துலருந்து தூசிய எப்படி பிரிக்கிறதுங்குறதுலதான் நூறு வருஷமா எல்லாரும் மாட்டிக்கிட்டு முழிச்சிருக்காங்க.

லண்டன்ல ஹியூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர். அப்ப இருந்த மெஷின் ஒண்ணு தூசிய ஊதி கிளப்பிவிடுமாம், ஊதுறதுக்கு பதிலா ஏன் உறிஞ்சக்கூடாதுன்னு கேட்டிருக்காரு. அதோட விடல, சாப்பாட்டுக் கடை நாற்காலி மெத்தைல கைக்குட்டைய போட்டு வாய வச்சு உறிஞ்சி பாத்திருக்காரு! தூசி தொண்டைல போய் இருமியிருக்காரு, ஆனா கைக்குட்டைய திருப்பி பாத்தா அடிப்பக்கம் அழுக்கு படிஞ்சிருக்கு. துணி காத்த விடும், தூசிய விடாது, அவ்ளோதான் விஷயம். 1901ல அவர் செஞ்ச மெஷின் பெட்ரோல் இன்ஜின் வச்சது, குதிரை வண்டில வந்து தெருவுல நிக்கும், நீளமான பைப்ப ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள விடுவாங்க. நம்ம ப்ளாக்குக்கு கீழ வண்டி நின்னு 12வது மாடிக்கு பைப் ஏறுறத நெனச்சு பாத்தேன், சிரிப்பு வந்துருச்சு. 1902ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபி கம்பளத்த சுத்தம் பண்ணது இந்த மெஷின்தான்.

அத வீட்டுக்குள்ள அடக்குனது ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர், ஒஹையோவுல கேன்டன்கிற ஊர்ல ஒரு கடைய கூட்டி சுத்தம் பண்றவரு. ஆஸ்துமா வேற, கம்பளத்த தேய்க்க தேய்க்க தூசி ஏறி மூச்சு வாங்கும். ஃபேன் மோட்டார், சோப்பு பெட்டி, வெளக்குமாத்து கம்பு, பின்னாடி தூசி பிடிக்க ஒரு தலையணை உறை, இதுல ஒரு மெஷின் கட்டிட்டாரு. 1908ல பேட்டன்ட் கெடச்சுது, ஆனா கைல காசில்ல. தோல் சாமான் செஞ்சு வித்துக்கிட்டிருந்த ஹூவர் அத வாங்கிட்டாரு. இங்கிலீஷ்காரங்க இன்னைக்கும் வேக்குவம் பண்றதுக்கே ஹூவர்னுதான் சொல்றாங்க, கூட்டி பெருக்குனவர் பேரு யாருக்கும் தெரியல, பாவம்.

இந்த தூசி பிடிக்கிற பையோட வம்பு என்னன்னா, நைஸான தூசி துணியோட ஓட்டைய அடைச்சிரும், பை பாதி கூட ரொம்பியிருக்காது, இழுக்குற சக்தி போயிரும். 1970கள் கடைசில இங்கிலாந்துல ஜேம்ஸ் டைசன்னு ஒருத்தருக்கு இதே கடுப்பு. மர அறுவை ஆலைல மரத்தூள பிரிக்க வச்சிருந்த பெரிய கூம்ப பாத்துட்டு அட்டைல சின்னதா ஒண்ணு செஞ்சு தன் மெஷின்ல ஒட்டியிருக்காரு. பஸ் வளைவுல வேகமா திரும்பும்போது நிக்கிற நாமெல்லாம் ஓரமா போய் சாயறோம்ல, அதே கதைதான், கூம்புக்குள்ள காத்து சுத்தும்போது தூசி சுவர்ல போய் மோதி கீழ விழுந்துரும், காத்து நடுவுல மேல போயிரும். கேக்க சுலபம், சரியா வர 5,127 மாதிரி மெஷின் செய்ய வேண்டியிருந்துச்சாம். ஜப்பான்ல வித்து பாத்துட்டு, 1993லதான் தன் பேர்லயே இங்கிலாந்துல விட்டாரு.

2002ல டைசன் கம்பெனி தயாரிப்ப மலேசியாவுக்கு மாத்துனாங்க. மோட்டார் சிங்கப்பூர்ல செய்றாங்க, பெரும்பாலும் ரோபோ கைதான். பழைய மெஷின்ல ஒரு கருகுன வாடை வருமே, அது மோட்டாருக்குள்ள கரன்ட் கொண்டுபோற கார்பன் பிரஷ் உரசி தேயறது. இந்த மோட்டார்ல பிரஷ்ஷே கெடையாது, காந்தமும் சர்க்யூட்டும்தான், ஒரு மாடல்ல நிமிஷத்துக்கு 125,000 சுத்து வரைக்கும் போகும். தலைமை அலுவலகம் எங்க தெரியுமா, இங்க சிங்கப்பூர்லயே, விவோசிட்டி மால் பக்கத்துல செயின்ட் ஜேம்ஸ் பவர் ஸ்டேஷன், நாங்க நைட்கிளப்புனு கேள்விப்பட்ட அதே கட்டடம்!

கூம்புக்குள்ள காத்து எவ்ளோ சுத்துனாலும் ரொம்ப நைஸ் தூள் கொஞ்சம் தப்பிச்சு போகும், அதுக்குத்தான் பின்னாடி ஃபில்டர். நான் ஒரு டப்பா கோலமாவ ஊட்டிவிட்டா அது என்ன பண்ணும்.

மறுநாள் சாயங்காலம் ஃபில்டர் காஞ்சு மாட்டுனேன், ஓடுச்சு. டைசன் கண்ணாடி மாதிரி டப்பா வச்சப்ப அழுக்க யாரு பாக்க விரும்புவானு கடைக்காரங்க சொன்னாங்களாம். எங்கம்மாவ அவங்க பாக்கல. ஹால் முடிஞ்சதும் டப்பாவ கழட்டி லைட்டுக்கு நேரா தூக்கி புடிச்சு, சமையக்கட்டுல முறுக்கு சுட்டுட்டிருந்த அத்தைய கூப்புட்டு காட்றாங்க, "இங்க வந்து பாரு, இவ நேத்து கூட்டுனேன்னு சொன்ன வீடு".