ஃபார்மர்ஸ் மார்க்கெட்ல கண்ணாடிப் பாசி வித்த அனுபவம்

கலிபோர்னியாவுல சான் ஹோசே பக்கம் ஒரு ஃபார்மர்ஸ் மார்க்கெட்ல ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கடை போடறேன். நானே தீயில உருக்கி செஞ்ச கண்ணாடிப் பாசி, அதுல கோத்த கம்மல், மாலை, இதுதான் சரக்கு. இங்க இருக்கிற நம்ம பொண்ணுங்க நிறைய பேரு எப்படி ஆரம்பிச்சீங்க, யாரை போய் கேக்கணும்னு கேட்டுட்டே இருக்காங்க, அதனால நடந்ததை நடந்த மாதிரியே எழுதிடறேன்.

முதல்ல விசா. எச்4ல, அதாவது எச்1பி வேலை விசாக்காரரோட துணையா வந்த விசாவுல, இருக்கிறவங்க இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. கையால செஞ்ச பொருள்தானே, இருபது டாலர்தானேன்னு நெனச்சு மேஜை போட்டுடாதீங்க, விக்கிறதும் வேலைதான், அதுக்கு இஏடி, அதாவது வேலை பாக்கற அனுமதி அட்டை, கையில இருக்கணும். 2015லருந்து எச்4காரங்களுக்கு அது கிடைக்குது, ஆனா எல்லாருக்கும் இல்ல, பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற மனு, அப்ரூவ் ஆகியிருக்கணும். எனக்கு அது வர்ற வரைக்கும் மூணு வருஷம் ஒரு பாசி கூட விக்கல, செஞ்சு செஞ்சு டப்பாவுல போட்டேன், கொலுவுக்கு வந்தவங்களுக்கு தாம்பூலத்தோட வச்சு கொடுத்தேன். அந்த மூணு வருஷத்துலதான் கை பழகுச்சு.

செய்யற முறை கேக்க சுலபம்தான். மெல்லிசான ஸ்டீல் கம்பியில களிமண் குழம்பு மாதிரி ஒரு பூச்சு தோய்ச்சு காய வைக்கணும், அப்பதான் பாசி கம்பியை விட்டு கழண்டு வரும். அப்புறம் டார்ச் தீயில கண்ணாடிக் குச்சியை உருக்கி, கம்பியை உருட்டிக்கிட்டே அது மேல சுத்தணும், உருட்டறதை ஒரு நொடி நிறுத்தினாலும் ஒரு பக்கமா தொங்கிடும். கண்ணுக்கு டிடிமியம்ங்கிற, தீயோட மஞ்சள் வெளிச்சத்தை வடிகட்டற மூக்குக்கண்ணாடி கண்டிப்பா வேணும், இல்லன்னா அந்த வெளிச்சத்துல உருகறது எதுவுமே தெரியாது. நான் வாங்கறது இத்தாலி முரானோவுல தயாராகிற எஃபெட்ரே குச்சி, அது 104ன்னு ஒரு அளவு. சூட்டுல எவ்ளோ விரியும்ங்கிற கணக்கு அது. 90 அளவு குச்சியோட இதை கலந்தா ஆறும்போது வெடிச்சிடும். பிங்க் குச்சி மட்டும் ஏன் அவ்ளோ விலைன்னா அந்த கலருக்கு நிஜமாவே தங்கம் சேக்கறாங்க.

சரி, பேப்பர் வேலை. செல்லர்ஸ் பெர்மிட், அதாவது பொருள் விக்கறதுக்கான அனுமதி, ஸ்டேட்ல ஆன்லைன்லயே வாங்கலாம், ஃபீஸ் கிடையாது. கடைக்கு தனியா பேரு வச்சா கவுண்டியில பதிஞ்சு ஒரு பேப்பர்ல வாரம் ஒரு தடவைன்னு நாலு வாரம் விளம்பரம் போடணும். இன்சூரன்ஸ் இருக்கான்னு மார்க்கெட்காரங்களே கேப்பாங்க. இதெல்லாம் ஒரு மாசத்துல முடிஞ்சுது. இடம் கிடைக்கறதுதான் பெரும்பாடு.

ஏன்னா கலிபோர்னியாவுல சர்டிஃபைடு ஃபார்மர்ஸ் மார்க்கெட்னா உள்பகுதி முழுக்க விளைவிச்ச விவசாயிக்குத்தான், நம்மள மாதிரி கைவினைக்காரங்களுக்கு அதை ஒட்டி தனியா ஒரு பகுதி, அதுவும் நகைக்குன்னு ஒண்ணோ ரெண்டோ இடம்தான் கொடுப்பாங்க. நான் கேட்ட முதல் மார்க்கெட்ல நகை ஃபுல்லுன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு, இன்னொண்ணுல ஏழு மாசம் வெயிட்டிங் லிஸ்ட், மூணாவது இடத்துல அஞ்சு ஃபோட்டோ கேட்டாங்க, நாலு நகை, ஒண்ணு கடையை போட்டு எடுத்தது. கடையே இல்லாம கடை ஃபோட்டோவுக்கு எங்க போறது, வீட்டு வாசல்ல கூடாரம் கட்டி மேஜை போட்டு எடுத்து அனுப்பினேன், அதுல கிடைச்சுது.

முதல் ஞாயிறு ஒரே ஒரு கம்மல்தான் போச்சு. மலிவா கிடைச்சுதுன்னு நீல கலர் கூடாரம் வாங்கியிருந்தேன், அந்த துணி வழியா வர்ற வெளிச்சத்துல என் சிவப்பு, பச்சை, அம்பர் எல்லாமே செத்துப்போன மாதிரி தெரிஞ்சுது, கண்ணாடிக்கு வெளிச்சம்தானே உயிரு. அடுத்த மாசமே வெள்ளைக்கு மாத்தினேன், மாலைகளை மேஜையில படுக்க வைக்காம காலை வெயில் பின்னாடி இருந்து படற மாதிரி தொங்கவிட்டேன், அன்னிக்கே ஆளுங்க நின்னு பாக்க ஆரம்பிச்சாங்க. கூடாரத்து நாலு காலுக்கும் கனமா வெயிட் கட்டுங்க, காத்துல கூடாரம் பறந்தா நம்ம கண்ணாடி மட்டும் போகாது, பக்கத்து கடைக்காரருக்கும் அடிபடும்.

இன்னொண்ணு, அங்க வர்றவங்க கீரை, தக்காளி வாங்க வர்றவங்க. காய்கறிக்கு இங்க டாக்ஸ் கிடையாது, அதனால முழு டாலரா எடுத்து நீட்டறதுதான் பழக்கம். நமக்கு உண்டு, ஸ்டேட்டுக்கே 7.25 சதவீதம், மேல அந்தந்த ஊரோடது. நான் டாக்ஸ் சேத்தே இருபது, முப்பதுன்னு விலை வச்சு அதை போர்டுலயும் எழுதிட்டேன். அங்க தீ மூட்ட விடமாட்டாங்க, அதனால கம்பியை விட்டு கழட்டாத பாசி நாலஞ்சு எடுத்துட்டு போய் மேஜை ஓரத்துல வைப்பேன், அதை பாத்ததும் நீங்களே செஞ்சதான்னு பேச்சு தொடங்கிடும்.

இங்க வந்த முகமே திரும்ப திரும்ப வரும். அதோட கஷ்டம் எனக்கு ஆறாவது வாரம் புரிஞ்சுது. ஒரு அம்மா முன்னாடி வாங்கின கம்மலை டிஷ்யூவுல மடிச்சு கொண்டு வந்தாங்க, ஒரு பாசி குறுக்கால விரிஞ்சு ரெண்டாகியிருந்துச்சு, கீழ கூட போடலயாம், கழட்டி வச்சப்ப முழுசா இருந்ததாம், காலைல இப்படின்னாங்க. என் தப்புதான். நான் அப்ப பாசியை வெர்மிகுலைட்ங்கிற தாதுத் துகள்ல புதைச்சு ஆற வச்சுட்டு இருந்தேன், அது மெதுவா ஆற வைக்கும், அவ்ளோதான், உள்ள இருக்கிற இறுக்கத்தை எடுக்காது. அதுக்கு கில்ன்ல, அதாவது சின்ன சூளையில, 510 டிகிரி செல்சியஸ் பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் படிப்படியா இறக்கணும். பணத்தை திருப்பி கொடுத்துட்டு, அதுவரைக்கும் வாங்கின மத்தவங்களுக்கும் பாத்த எடத்துல எல்லாம் சொல்லி மாத்தி தர்றேன்னேன், மேஜையில இருந்த மொத்த சரக்கையும் அன்னிக்கே எடுத்துட்டேன். ரெண்டு வாரம் கடை போடல. அறுநூறு டாலருக்கு மேல கொடுத்து சின்ன கில்ன் வாங்கினப்புறம்தான் போனேன். கில்ன் இல்லாம தயவுசெஞ்சு யாருக்கும் விக்காதீங்க, பரிசா கொடுக்கறது வேற.

வயசான ஒரு பாட்டி வருவாங்க, பழைய பாசி சேக்கறவங்க. நான் பாண்டிச்சேரின்னு சொன்னதும் "அரிக்கமேடா?"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. 1945ல தொல்லியல்காரர் வீலர் அங்க தோண்டினது, அந்த ஊர்ல அந்த காலத்துல செஞ்ச பாசி கடல் தாண்டி போனது எல்லாம் அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு, மழை பேஞ்சா அங்க மண்ணு மேல பாசி தெரியும்னு நான் சொன்னேன். ஆனா அரிக்கமேட்டு பாசி கண்ணாடியை குழாயா இழுத்து நறுக்கினது, என்னோடது சுத்தினது, ரெண்டும் வேற வேற வேலைன்னு அவங்களே என் பாசியை உருட்டிப் பாத்து சொன்னாங்க.

விரிஞ்ச கம்மல்காரம்மா திரும்பி வந்தாங்க. அவங்க பொண்ணுக்கு டர்க்காய்ஸ்ங்கிற நீலப்பச்சையும் ஐவரிங்கிற தந்த கலரும் கலந்து ஒரு ஜோடி கேட்டிருக்காங்க, அந்த ரெண்டு கண்ணாடியும் ஒட்டற எடத்துல தானா ஒரு கருங்கோடு விழும், அது ரெண்டு பாசியிலயும் ஒரே மாதிரி விழறது ரொம்ப கஷ்டம். நேத்து ராத்திரி எட்டு செஞ்சேன், ரெண்டு ஒண்ணுபோல வந்த மாதிரி இருக்கு. இப்ப கில்ன்ல ஆறிட்டு இருக்கு, திறந்து பாத்தாதான் தெரியும்.