கிட்னி மாற்று ஆபரேஷன்: வலிக்கு எனக்குப் போட்ட ஊசி

டயாலிசிஸுக்குப் போய்வந்த இரண்டு வருடத்தில் ஆபரேஷனைப் பற்றி நான் கேட்காத கேள்வி இல்லை. செலவு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டில் எவ்வளவு வரும், அம்மாவின் கிட்னி எனக்குச் சேருமா, உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டிக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று எல்லாம் கேட்டேன். வலிக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அண்ணன், தனக்குத் தெரிந்தவர் மூன்று நாள் துடித்த கதையைச் சொல்லியிருந்தார். அது உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் ஐம்பத்தேழு வயதில் அம்மா தன் கிட்னியையே எடுத்துக் கொடுக்கும்போது, என் வலியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

பேச்சை எடுத்தது மயக்க மருந்து டாக்டர்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிட்னி பழுதானவர்களுக்கு வலி மருந்து விஷயத்தில் வழி குறைவு என்று ஆரம்பித்தார். ஊரில் எல்லோரும் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் ஊசி கூடாது, அது கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். மார்ஃபின் உடம்புக்குள் போனதும் வேறு பொருளாக மாறி, சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். புதுக் கிட்னி வேலை செய்யத் தாமதித்தால் அது ரத்தத்திலேயே தேங்கி, ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்தும், மூச்சையும் மந்தமாக்கும். பிரசவத்துக்குப் போடுவது போல முதுகில் டியூப் வைக்கலாம். ஆனால் பிபி இறங்கினால் புதுக் கிட்னிக்கு ரத்தம் போதாது. எங்களைப் போன்றவர்களுக்கு ரத்தம் உறைவதும் சரியாக இருக்காது, டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேறு கொடுக்கிறார்கள். தண்டுவடத்துப் பக்கத்தில் ரத்தம் கசிந்தால் ஆபத்து.

அதனால் வயிற்றுப் பக்கவாட்டில் ஓர் ஊசி என்றார். அதன் பெயர் டாப் பிளாக். கேஸ் ஷீட்டின் ஓரத்தில் படமே போட்டுக் காட்டினார். இடுப்புக்கு மேலே வயிற்றுச் சுவரில் மூன்று போர்வையை அடுக்கியது போல மூன்று தசை. உள்ளே இருக்கும் இரண்டு போர்வைக்கு நடுவில்தான் வயிற்றுத் தோலுக்கும் தசைக்கும் வரும் நரம்புகள் ஓடுகின்றன. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியை அந்த இடைவெளிக்குக் கொண்டுபோய் மரத்துப்போகும் மருந்தை விட்டால், அது பரவி அந்த நரம்புகளை நனைத்துவிடும். அங்கிருந்து மூளைக்கு வலி போகாது. நான் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். எனக்கு எழுதியிருந்த மருந்து ரோபிவகெயின். அளவு அதிகமாகி ரத்தத்தில் கலந்தால் வாயைச் சுற்றிக் கூச்சம், நாக்கில் இரும்பு ருசி, காதில் இரைச்சல் வரும், அப்படி எது தெரிந்தாலும் உடனே சொல் என்றார். எடை பார்த்துத்தான் அளவு போடுவார்களாம்.

எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள் என்றார். சில இடங்களில் மெல்லிய டியூபை அங்கேயே விட்டு இரண்டு மூன்று நாள் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவார்களாம். எனக்கு ஒரே ஊசிதான்.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு ஆபரேஷன் முடிந்தது. பலரும் நினைப்பது போலப் பழைய கிட்னியை எடுப்பதில்லை. புதியதை வலது அடிவயிற்றில் வைத்துத் தைப்பார்கள். எனக்குத் தையல் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். கண் விழித்தபோது அந்த இடம் இருப்பதே தெரியவில்லை. வலது தொடையின் முன்பக்கமும் மரத்திருந்தது. மருந்து கீழே பரவினால் அப்படி ஆகும், தனியாக எழுந்து நிற்காதே என்று நர்ஸ் சொன்னார். அந்தச் சாயங்காலமே மூன்று பந்து இருக்கும் கருவியில் மூச்சை இழுத்து இரண்டு பந்தை மேலே ஏற்றினேன். தையல் வலித்திருந்தால் ஆழமாக மூச்சு எடுத்திருக்க முடியாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவனுக்கு நெஞ்சில் சளி கட்டினால் லேசில் போகாது.

அதைவிட, கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிறுநீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக எனக்குச் சிறுநீரே கிடையாது. மணிக்கு ஒருமுறை நர்ஸ் அளந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஆனால் அந்த ஊசி எல்லா வலிக்கும் அல்ல. சிறுநீர் டியூப் கொடுத்த வலிதான் என்னைப் படுத்தியது. பல மாதம் காலியாகக் கிடந்து சுருங்கிய சிறுநீர்ப்பை, டியூபைக் கண்டு இறுக்கிப் பிடித்தது. வெளிச் சுவரில் போட்ட மருந்து உள்ளே இருக்கும் பைக்கு எப்படி உதவும்? அதற்குத் தனி மாத்திரை கொடுத்தார்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஊசியின் வேலை முடிந்தது. மெதுவாகத் தேயும் என்று நினைத்திருந்தேன். அரை மணியில் தையல் முழுக்க எரிய ஆரம்பித்துவிட்டது. பத்துக்கு ஏழு என்று சொன்னேன். அடுத்த பாராசிட்டமால் டிரிப் மூன்று மணிக்குத்தான் எழுதியிருந்தது. டூட்டி டாக்டர் வந்து கொஞ்சம் ஃபென்டனில் போட்ட பிறகு நாலுக்கு இறங்கியது. அந்த டிரிப்பை நள்ளிரவிலேயே ஏற்றியிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது. ஊசி எப்போது போட்டார்கள், எப்போது தேயும் என்று நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

அம்மா நிலைமை வேறு. அவருக்கு லேப்ராஸ்கோப்பியில் இடது கிட்னியை எடுத்திருந்தார்கள், வயிற்றின் இரண்டு பக்கமும் இதே ஊசி. தையல் அவ்வளவாக வலிக்கவில்லை, தோள்பட்டைதான் குத்தியிருக்கிறது. வயிற்றை உப்ப வைக்க விட்ட வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலி தெரியும், அதை இந்த ஊசி தொடாது. நர்ஸ் ஒவ்வொரு முறை கேட்டபோதும் "இல்லம்மா, நல்லாருக்கேன்" என்றே சொல்லியிருக்கிறார். போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததை அக்காதான் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மருந்து ஏற்றினார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை. கொடுப்பவரும் நோயாளிதான். அவர் பக்கத்தில் வாய்விட்டுக் கேட்கிற ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வாடகை அறைக்கு வந்தேன். அம்மா எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார். வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்ட சித்தப்பா, கீழே மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்தார். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக். அம்மாவுக்கும் இனி ஒரு கிட்னிதான் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, டாக்டர் எழுதியிருந்த பாராசிட்டமாலை எடுத்துக் கொடுத்தேன்.