அசனப் பந்தி

"எய்யா, இதுல கொஞ்சம் ஊத்து. வீட்டுல அவுகளால நடக்க முடியல."

இன்று எங்கள் கிறிஸ்தவக் கோயில் அசனத்தில் ஒரு பாட்டி தூக்குவாளியை நீட்டினார்.

பரிமாறிய கல்லூரிப் பையன் கரண்டியை அடிவரை விட்டு, கறித்துண்டாகத் தேடி எடுத்து ஊற்றினான். மூடியையும் அவனே அழுத்தி மூடிக் கொடுத்தான்.

திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்றால் ஊருக்கே சாப்பாடு. எந்தச் சாமி கும்பிடுகிறவரும் வந்து உட்காரலாம்.

ஆனால் இந்தப் பந்தி சும்மா வந்துவிடவில்லை. கிறிஸ்தவ சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே கடிதம் எழுதினார். அதை ஏற்காமல் சபையை விட்டே போனவர்கள் உண்டு. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பிரிந்துதான் கிடக்கிறது. நினைத்தாலே வலிக்கிறது.

அதனால்தான், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசிப் பந்தியில் அந்தப் பையன் பாட்டி பக்கத்திலேயே இலை போட்டு உட்கார்ந்தான்.