கொந்தராத்துக்காரரின் மேசை

திருகோணமலை உவர்மலையில் சின்னதாக ஓர் அறை வாடகைக்கு எடுத்தாயிற்று. இனி லொறியின் முன்தட்டில் அலுவலகம் நடத்த வேண்டியதில்லை. வெயிலில் கிடந்தால் சிமெந்து வாங்கிய பற்றுச்சீட்டில் எழுத்தே மங்கிப் போகிறது. சூட்டில் அச்சாகும் தாளின் குணம் அது. அன்றன்றே படம்பிடித்து வைக்காவிட்டால் கணக்குக்கு ஆதாரமே இல்லை. ஆகவே முதல் செலவு நாற்காலிக்கு அல்ல, ஸ்கேனரும் சேர்ந்த, மை ஊற்றும் பிரிண்டருக்கு. ஒரு கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டாலே தாள் கட்டுக்கட்டாகக் கரைகிறது, கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகாது.

அடுத்தது யூ.பி.எஸ். விலைப்பட்டியலின் கடைசி வரியைத் தட்டும்போதுதான் மின்சாரம் போகும். அந்த விடயத்தில் அது நேரம் தவறுவதே இல்லை.

இரும்பு அலுமாரி வேண்டாம் என்றேன். திருகோணமலைக் கடற்காற்றில் முதலில் பிணைச்சல்தான் துருப்பிடிக்கும். மச்சான் கேட்கவில்லை, பழையது ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இப்போது அதற்குள் தேநீர்க் கோப்பைகள். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவுச் சான்றிதழும், வேலை முடிந்தும் பிடித்து வைத்திருக்கும் பணத்துக்கான கடிதங்களும் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில். மாரி மழைக்கு அதுதான் தாங்கும்.

ஏசி வேண்டுமாம். கேட்பவர் எங்கள் கணக்காளர், வேலைத்தளத்தில் ஒருநாளும் வெயில் படாதவர். மின்விசிறி வாங்கியிருக்கிறேன்.