கோட்டையிலிருந்து ஊருக்கு

தொகுதி மக்களுக்கு வணக்கம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்குவது பற்றிய விவாதம், முடிய இன்னும் இரண்டு நாள்தான். ஓமந்தூரார் வளாக எம்.எல்.ஏ. விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையில் உங்கள் மனுக்கள். மேலாக இருப்பது ஓர் அம்மா கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதித் தந்தது. கடைசி பஸ்ஸை விட்டால், பத்தாவது படிக்கிற மகள் நான்கு கிலோமீட்டர் இருட்டில் நடக்கிறாளாம். அதைத்தான் கேள்வி நேரத்தில் எழுப்பினேன். 'ஆய்வு செய்யப்படும்' என்று பதில் வந்தது. எனக்கு அது போதாது. நாளை அமைச்சரை நேரில் பார்க்கிறேன்.

அப்புறம், தரைப்பாலம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதைப் பாலத்தில் போட்டால் பள்ளிக்கூடங்களுக்கு மிஞ்சாது. அதனால் நெடுஞ்சாலைத் துறையிடமே கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஊரில் இருப்பேன். மனுவுக்குப் பதில் வராதவர்கள் ஆபீசுக்கு வாருங்கள்.