தணல் அடங்கட்டும், அப்புறம் சாம்பிராணி

வாசனைகளில் எனக்கு முதலிடம் சாம்பிராணிக்குத்தான். அடுத்தது சந்தனம். அகில் மூன்றாவது, அதுவும் விலையால்தான் மூன்றாவது, மணத்தால் இல்லை. ரோஜா, மல்லிகை, தாழம்பூ என்று அட்டையில் பூப்படம் போட்டு வரும் பத்திகள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மல்லிகை வாசம் வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் அக்காவிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டால் போதும்.

நாங்கள் இருப்பது பினாங்கு ஜெலுத்தோங்கில், பதினோராவது மாடி பிளாட். சாம்பிராணி போட இது தோதான இடமில்லை என்று பலரும் சொல்வார்கள். தோட்டத்து வீட்டில் பாட்டி போடும் முறையே வேறு. அடுப்பிலிருந்து தணலை அள்ளி தூபக்காலில் கொட்டி, சாம்பிராணித் தூளைக் கைநிறைய எடுத்துப் போடுவார். பலகை வீட்டின் இடுக்கெல்லாம் புகை புகுந்து வெளியேறும், கொசுவும் அதோடு போகும். அந்த வீட்டுக்கு அது சரி. நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், ஒரே ஒரு பால்கனி என்று இருக்கும் வீட்டில் அப்படிப் போட்டால் கண் எரிச்சலும் தலைவலியும்தான் மிஞ்சும்.

நிறையப் புகை வந்தால் நிறைய மணம் என்று நினைத்துவிடுகிறோம். பிசின் கருகும்போது வருவதுதான் அந்தக் கட்டிப் புகை. மெதுவாகச் சூடேறி, இளகி, ஓரத்தில் குமிழ் விடும் நேரத்தில் வருவதே மணம். இதைப் பிடித்துக்கொண்டால் எந்தச் சின்ன வீட்டிலும் சாம்பிராணி போடலாம்.

நான் செய்வது இப்படி. சிரட்டைக் கரியில் பாக்கு அளவு ஒரு துண்டு. அதை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினால் முதலில் ஓரம் சிவக்கும், பிறகு சிவப்பு உள்ளே நகரும். முழுக்கச் சிவந்ததும் தூபக்காலில் ஏற்கெனவே இருக்கும் சாம்பல் மேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். விளக்குத் திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, சாமி படத்துக்குப் பூ வைத்து முடிப்பதற்குள் கரியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்கும். அந்தப் பூப்பை ஊதிவிடக் கூடாது. அதுதான் தணலுக்கும் பிசினுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தை. அதன்மேல் இன்னும் ஒரு சிட்டிகை சாம்பல் தூவி, மிளகு அளவு சாம்பிராணித் துண்டு ஒன்றை வைப்பேன். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு துண்டின் கூர்முனை மழுங்கி, பளபளப்பேறி, நூல் போல ஒரு இழை கிளம்பும். அவ்வளவுதான் புகை.

அத்தைக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. "என்னம்மா, புகையே காணோம், இதுக்குப் பேரு சாம்பிராணியா?" என்றார். "கொஞ்சம் பொறுங்க அத்தை" என்றேன். அவர் தன் அறைக்குப் போய் ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் மணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. "இப்ப வருது, இப்ப வருது" என்று உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். இப்போது அவரே மிளகு அளவுக்கு உடைத்து டப்பாவில் போட்டு வைக்கிறார்.

சட்டென்று பற்றிக்கொள்ளும் வட்டக் கரி கடைகளில் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஆகும். ஆனால் சீக்கிரம் பற்றுவதற்காக அதில் வெடியுப்பு சேர்க்கிறார்கள். தீக்குச்சியைக் காட்டியதும் பொறி பறந்து ஓடுவது அதனால்தான். அந்த மருந்து நெடி போகும்வரை, கரி முழுக்க வெளுக்கும்வரை, அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. நல்ல சாம்பிராணி அதில் வீணாகப் போகும். கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி எல்லாம் எனக்கு ஒத்துவருவதில்லை. கரித்தூளையும் வாசனையையும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்தியது என்பதால் கரியே எரிந்துகொண்டிருக்கும். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ நம் கையில் ஒன்றும் இல்லை.

பினாங்குக்காரர்களுக்குச் சாம்பிராணி தூரத்துச் சரக்கு இல்லை என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மலாக்கா ஜலசந்தியின் அந்தப் பக்கம் சுமத்ரா. அங்கே வடக்கு மலைப்பகுதியில்தான் சாம்பிராணி மரங்கள் நிற்கின்றன. மரப்பட்டையைக் கீறிவிடுவார்கள். காயத்தில் வடியும் பால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மாதக்கணக்கில் இறுகும், பிறகு சுரண்டி எடுப்பார்கள். கித்தா மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டிய குடும்பத்துக்கு இதை விளக்கவே தேவையில்லை. அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போன ஊர். அதன் பக்கத்தில் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர். நம் ஆட்கள் இந்தப் பிசின் விளையும் கரைக்கு அப்போதே கப்பலில் வந்து போயிருக்கிறார்கள்.

லாவோஸிலிருந்து வருவது இன்னொரு வகை, சயாம் சாம்பிராணி. பாதாம் பருப்பு மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும், வெனிலா வாசம் தூக்கலாக அடிக்கும். விலையும் தூக்கல். மத்தியானம் சும்மா வைத்துப் பார்க்க நல்லது. பூஜைக்கு எனக்குச் சுமத்ராவின் கனத்த வாசம்தான் வேண்டும்.

சாம்பிராணியோடு குங்கிலியம் கலப்பது எங்கள் அம்மா பழக்கம். குங்கிலியம் எலுமிச்சையும் பைன் மரமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். தனியாகப் போட்டால் கொஞ்சம் காரம், மூன்றுக்கு ஒன்று கலந்தால் சாம்பிராணியின் தித்திப்பைச் சமன் செய்துவிடும். கும்பகோணத்துப் பக்கம் போய்வந்த உறவினர்கள் திருக்கடவூரில் குங்கிலியக்கலய நாயனாரைக் கும்பிட்டதைச் சொல்வார்கள். வீட்டில் அரிசி வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியப் பொதி வாங்கிக் கோயிலில் சேர்த்தவர். சின்ன வயதில் அந்த அம்மாவை நினைத்துக் கோபம் வரும். இப்போதும் கொஞ்சம் வரும். ஆனால் ஒரு வாசனைமேல் அத்தனை பிடிப்பு வரலாம் என்பது மட்டும் புரிகிறது.

சந்தனத்துக்கு வருவோம். கடையில் சந்தனப் பத்தி என்று விற்பதில் பெரும்பாலானவை கரிப்பத்தியை வாசனை எண்ணெயில் முக்கி எடுத்தவை. கரேலென்று ஒரே சீராக இருக்கும், பெட்டியைத் திறந்ததுமே மூக்கில் அறையும், கொளுத்தினால் காட்டம்தான் முன்னால் வரும். மசாலா பத்தி பழுப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். மட்டிப்பால் என்ற மரப்பிசின் சேர்த்தது என்றால் தொட்டால் லேசாக ஒட்டும், ஈரம் பிடித்த மாதிரி வளையும். பெட்டிக்குள் இருக்கும்போது அடங்கிக் கிடக்கும், எரியும்போதுதான் விரியும். மைசூர், பெங்களூரிலிருந்து வருபவற்றில் இப்படிப்பட்டவை இன்னும் கிடைக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பத்தியே வேண்டாம் என்றால் சந்தனப் பொடி. இதைச் சீனர் கடையில் வாங்குகிறேன். ஜாஸ் குச்சி என்கிற அவர்கள் சாமிப் பத்திக்குச் சந்தனப் பொடி அவர்களுக்கும் வேண்டும் என்பதால் தரம் பார்த்து விற்பார்கள். ஆஸ்திரேலியச் சந்தனம் மலிவு, கொஞ்சம் வறண்ட வாசம். இந்தியச் சந்தனம் பால் மாதிரி மென்மை. சலித்த சாம்பலைக் கிண்ணத்தில் பரப்பி, விரலால் ஒரு பள்ளம் கீறி, அதில் பொடியைக் கோடாக நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்தால் போதும். கரி வேண்டாம், மூங்கில் குச்சி எரியும் வாடையும் இல்லை. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம். ஒரு விரல் நீளத்துக்குமேல் நான் போடுவதில்லை.

அகில், இங்கே மலாயில் காஹாரு. மலாக்கா பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கி நிற்கும் மரம், அக்குயிலாரியா மலாக்கென்சிஸ். மரம் சும்மா இருந்தால் வெளிறிய கட்டை, ஒரு மணமும் கிடையாது. அடிபட்ட இடத்தில் பூஞ்சை புகுந்தால் அதை எதிர்க்க மரம் பிசின் சுரக்கும், கட்டை கறுத்துக் கனக்கும். அந்தக் கறுப்புக்குத்தான் விலை. காட்டில் வெட்டி வெட்டித் தீர்த்ததால் 1995 முதல் இதன் உலக வணிகம், அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தோட்டம் போட்டு வளர்த்த மரத்தின் சீவல்தான் நான் வாங்குவது. மனசுக்கும் அதுவே நிம்மதி. தூபக்கால் சூடு அகிலுக்கு அதிகம். ஜப்பானியர்கள் கரியைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே அபிரகத் தகடு வைத்து அதன்மேல் அகிலை வைக்கிறார்கள், புகையே வராது. என்னிடம் இருப்பது பகூர் என்கிற அரபு வாசனைத் தூபம் போடுகிற மின்சாரத் தட்டு. எங்கள் மாடியில் இருக்கும் மாமாக், அதாவது தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் சொல்லிக் கொடுத்தது. அவர்கள் வீட்டில் வியாழன் இரவு அகிலும் சாம்பிராணியும் மணக்கும், நம் வீட்டில் வெள்ளி மாலை.

எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவுக்குக் கெமெஞான் (சாம்பிராணிக்கு மலாய்ப் பெயர்) வாசம் என்றால் கொஞ்சம் திகில். போமோ என்கிற மலாய் மந்திரவாதி வீட்டு ஞாபகம் வருமாம். அதனால் நான் தூபக்காலை வாசல் பக்கம் கொண்டுபோவதில்லை. பால்கனிக் கதவை ஒரு சாண் திறந்து, எதிர்ப்பக்கச் சன்னலையும் திறந்துவிட்டால் காற்று ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போகிறது. எந்தப் புகையிலும் நுண்துகள் உண்டு, சாம்பிராணியும் அதற்கு விலக்கில்லை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி முடியில் புகை காட்டும் வழக்கத்தை நான் என் பிள்ளைகளுக்குச் செய்யவில்லை. அந்தச் சின்ன நெஞ்சுக்கு அது வேண்டாம். துண்டால் துவட்டினாலே முடி காய்ந்துவிடும்.

பினாங்கின் ஈரக்காற்றில் பத்தி நமுத்துப் போகும், அப்புறம் பாதியில் அணையும். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வையுங்கள். சமையலறையில் வேண்டாம், மசாலா வாசம் ஏறிவிடும். சாம்பிராணியைத் தூளாக வாங்காமல் கட்டியாக வாங்குங்கள், தூளில் என்ன கலந்தாலும் தெரியாது. லிட்டில் இந்தியாவின் லெபோ பசார் தெருவில் காலை பத்து மணி வாக்கில் கூட்டம் குறைவு, அந்த நேரத்தில் "அண்ணே, ஒரு கட்டியை உடைச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் உடைத்துக் காட்டுவார்கள். உடைந்த முகத்தில் பழுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பருப்புத் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம்.

கரிதான் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. கோலா செப்பத்தாங் ஊரின் பாக்காவ் (அலையாத்தி மர) கரி நன்றாக நின்று எரியும், ஆனால் சின்னத் தூபக்காலுக்கு அதன் சூடு அதிகம், சாம்பலை இரட்டிப்பாகப் போட வேண்டியிருக்கிறது. நல்ல சிரட்டைக் கரி பட்டர்வொர்த் பக்கம் எங்காவது சில்லறையாகக் கிடைத்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை பெர்ரியில் போய் வாங்கி வந்துவிடுவேன்.